உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவர்

எனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியை என் அம்மாவிடம் முதலில் சொன்னது நான் இல்லை.

அன்று காலை நெய்வேலியில் எங்கள் பிளாக் கடைவரிசையில் இருந்த பார்லரில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். இடது புருவம் முடிந்திருந்தது. வலது புருவத்தில் நூல் ஓடத் தொடங்கியபோது மடியிலிருந்த போன் அதிர்ந்தது. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து மின்னஞ்சல். படித்துவிட்டு நான் மூச்சு விடுவதற்குள், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"யக்கா! உம் பொண்ணு டாக்டராவப் போறா! ஊசி போடற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல!"

சாலைக்கு அந்தப் பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா ஈரச் சேலையோடு அப்படியே நின்றாள். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போன பஸ்கூட வேகம் குறைத்துப் போனது. நான் சாலையைக் கடப்பதற்குள் இரண்டு பேர் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒரு புருவம் மெல்லிசாகவும் மற்றது தடிமனாகவும் இருந்த முகத்தோடு எல்லாருக்கும் நன்றி சொன்னேன். அடுத்த புருவத்தை அன்று திருத்த முடியவில்லை. அத்தை கடையைப் பூட்டிக்கொண்டு பிளாக் முழுக்கச் செய்தி சொல்லப் போய்விட்டார்.

அவர் எனக்கு உறவில்லை. எல்லா மாவட்டத்திலிருந்தும் வேலைக்கு வந்து சேர்ந்த ஊர் இது. இங்கே எதிர்வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் அத்தை, மாமாதான். அத்தைக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம். மாமாவுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. பார்லர் தொடங்கியது அத்தையின் சொந்த முடிவு. அதையும் மாமாவிடம் கேட்பதற்கு முன்னால் ஊரிடம் சொல்லிவிட்டதால், மாமாவுக்குச் சரி என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால் அது அவருக்குள் தங்காது. அதற்காக அவரைக் கோள் சொல்கிறவர் என்று சொல்லிவிட முடியாது. இல்லாததைச் சேர்க்கமாட்டார், யாரையும் மட்டம் தட்டமாட்டார். யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவர் முன்னாலேயே பேசுவார். அதுதான் சிக்கல். தன்னைப் பற்றியும் அப்படித்தான். தன் வயது, எடை, ஜாக்கெட் அளவு, மாமனார் வீட்டில் போட்ட நகையில் எது கவரிங் என்பது வரைக்கும் பார்லருக்கு வந்த எல்லாருக்கும் தெரியும்.

"பொய் சொன்னா தப்பு. இருக்கறத சொன்னா இன்னாடி தப்பு?" என்பார்.

இருப்பதைச் சொன்னதில் ஒரு தடவை பெரிய தப்பாகிவிட்டது. எனக்குக் கணக்கு எடுத்த டீச்சர் ஒருவர் அவரிடம் வாடிக்கை. கறுகறுவென்ற கூந்தல் அவருக்கு. ஒரு நாள் மாணவிகளின் அம்மாக்கள் நான்கைந்து பேர் பார்லரில் உட்கார்ந்திருந்தபோது, டீச்சரின் முடியை யாரோ மெச்சினார்கள். அத்தை பெருமை தாங்காமல், "எல்லாம் என் கைவேலதான். தல முழுக்க நரைங்க. நான் டை அடிச்சா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். டீச்சரும் அங்கேதான், அடுத்த நாற்காலியில், தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அதோடு டீச்சர் வருவதை நிறுத்திவிட்டார். மாதாமாதம் பஸ் ஏறி வடலூர் போய் அங்கே ஒரு பார்லரில் டை அடித்துக்கொண்டு வந்தார். அத்தை இரண்டு தடவை அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி. டீச்சர் இன்னும் கோபமாகிவிட்டார்.

மாமா இதற்கு நேர் எதிர். வீட்டில் 'சாப்பாடு', 'ஷிப்ட்', 'சரி' என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவார். அவருக்குப் பதவி உயர்வு வந்தது, கூட வேலை செய்கிறவரின் மனைவி பார்லருக்கு வந்து இனிப்பு எங்கே என்று கேட்டபோதுதான் அத்தைக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த மாமாவை வாசலிலேயே நிறுத்தினார்.

"ப்ரமோஷன் வந்து எத்தினி நாளாச்சி?"

"ஆச்சி கொஞ்ச நாளு."

"ஏங்க சொல்லல?"

மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "நீ கேக்கல" என்றார்.

அத்தைக்கு முதலில் வயிறு உப்பியது. அவர் அதை வாயு என்றார். ஓமத் தண்ணீர் குடித்தார். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்றார், புடவைக் கொசுவம் நிற்கமாட்டேன் என்கிறது என்றார். பார்லருக்கு வந்த ஒரு பெண் விளையாட்டாக, "அத்தை, ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டபோது, "ஆமாண்டி, எட்டாம் மாசம், வளையல் வாங்கியாந்து போடு" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். வாயு வாரக்கணக்கில் நீடித்தது. அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். சினைப்பையில் புற்றுநோய். வயிற்றுக்குள் கொஞ்சம் பரவியும் இருந்தது.

எங்கள் ஊரில் இதை யாரும் இந்தப் பெயரில் சொல்வதில்லை. 'வயித்துல கட்டி' என்பார்கள், 'பொம்பள சமாச்சாரம்' என்பார்கள், அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அத்தை ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டார். மறுநாள் பார்லரைத் திறந்து, வந்தவர்களிடம் எல்லாம், "எனக்கு சினைப்பையில கேன்சரு. சென்னையில ஆப்ரேசன். ஃபேசியல் பண்ணிக்கணும்னா இந்த வாரமே வந்துடுங்க" என்றார்.

நான் அப்போது ஆராய்ச்சியில் இரண்டாம் வருடம். என் ஆய்வும் சினைப்பைப் புற்றுநோயில்தான். இதை நான் தேடிப் போகவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த தலைப்பு அது, எனக்குக் கிடைத்தது. செய்தி கேட்டு ஊருக்கு ஓடி வந்தபோது என்ன முகத்தோடு அவரைப் பார்ப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அத்தை என்னைப் பார்த்ததும், "வாடி. உனக்கு வேல குடுத்துட்டேன் பாரு" என்றார்.

ஆபரேஷன் முடிந்தது. கீமோ தொடங்குவதற்கு முந்தின நாள் அவர் செய்ததைப் பிளாக்கில் இன்றும் சொல்வார்கள். பார்லர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தன் தலையைத் தானே மெஷினால் மழிக்கத் தொடங்கினார். சுற்றிலும் வாடிக்கைக்காரர்கள்.

"மருந்து வந்து புடுங்கறதுக்கு முன்ன நானே எடுத்துக்கறேன். என் கடையில வந்து இன்னொருத்தன் முடி எடுக்கறதா?"

பின்னந்தலை கைக்கு எட்டவில்லை. அம்மா மெஷினை வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அழுதுகினே ஓட்டாதக்கா. காது போயிடப் போவுது."

மொட்டைத் தலையோடு அவர் மற்றவர்களுக்கு முடி வெட்டினார். வியாபாரம் குறையும் என்று நாங்கள் நினைத்தோம். கூடியது. புருவம் திருத்திக்கொள்ள வருகிற சாக்கில் வந்த பெண்கள், கூட்டம் கலைந்ததும் குரலைத் தாழ்த்தி வேறு ஏதோ கேட்பார்கள். தீட்டு நின்ற பிறகு மறுபடியும் பட்டால் ஆபத்தா, அடிவயிறு கனத்தால் என்ன, யாரிடம் காட்டலாம், எந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்பார். வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள். ஊரிலேயே ரகசியம் தங்காத வாய் என்று பெயர் எடுத்தவரிடம் போய் ஏன் சொன்னார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் தன் வயிற்றைத் திறந்து காட்டிவிட்ட பிறகு, அவர் முன்னால் மறைக்க வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் கணக்கு டீச்சர் வந்தார். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டை அடிக்கணுமா டீச்சர்?"

"டை வடலூர்லயே அடிச்சிட்டேன். ரெண்டு மாசமா வயிறு உப்பிகிட்டே இருக்கு. அதை அங்க யார்கிட்ட கேக்கறது?"

அத்தை அன்றே அவரைக் கூட்டிக்கொண்டு போனார். சாதாரண நீர்க்கட்டிதான். எடுத்துவிட்டார்கள். டீச்சர் மறுபடியும் எங்கள் பிளாக்கிலேயே டை அடித்துக்கொள்ளத் தொடங்கினார், யார் இருந்தாலும் மறைக்காமல்.

கீமோ முடிந்தது. ஸ்கேன் சுத்தமாக வந்தது. முடி முளைத்தபோது சுருட்டையாக முளைத்தது. அத்தைக்கு அதில் பெருமை சொல்லி மாளாது. "பர்மிங் பண்ண எத்தினி ஆவும் தெரியுமா? எனக்கு ஆஸ்பத்திரியிலயே பண்ணி அனுப்பிட்டாங்க."

அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ அங்க இன்னாதாண்டி பண்ற? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"செல்லுக்குள்ள டிஎன்ஏ இருக்கில்ல அத்தை? அதுல எழுதியிருக்கறதை வேணும்கிறப்ப ஒரு காப்பி எடுக்கும். அந்தக் காப்பிக்குப் பேரு ஆர்என்ஏ. அதைப் பாத்துத்தான் செல்லு புரோட்டீன் செய்யும். வேலை முடிஞ்சா காப்பி அழிஞ்சுடணும்."

"சரி."

"அந்த ஆர்என்ஏவைப் பிடிச்சுக்கற சில புரோட்டீன்ங்க இருக்கு. எந்தக் காப்பி எவ்வளவு நேரம் இருக்கணும், எது உடனே அழியணும்னு பாத்துக்கறது அதுங்கதான். நல்ல செல்லுலயும் இருக்கும், நமக்குத் தேவையும்கூட. ஆனா கேன்சர் செல்லுல அதுல சிலது அளவுக்கு மீறி இருக்கு."

"இருந்தா இன்னா?"

"கீமோ மருந்து உள்ள போயி டிஎன்ஏவை உடைக்குது. செல்லு செத்துடணும். ஆனா, உடைஞ்சதை ரிப்பேர் பண்ணு, சாகாம தாக்குப்பிடின்னு சொல்ற காப்பிங்களை இந்தப் புரோட்டீன் அழிய விடாம பிடிச்சுக்குது. அதனால செல்லு பொழைச்சுக்குது. அப்புறம் அதே மருந்தை எவ்வளவு குடுத்தாலும் அதுக்கு உறைக்காது."

அத்தை எண்ணெய்க் கையை நிறுத்திவிட்டு யோசித்தார். "எதையும் வெளிய வுடாம உள்ளயே புடிச்சி வெச்சிக்கறது. உங்க மாமா மாதிரி."

"கிட்டத்தட்ட."

அன்று சாயங்காலம் ஃபேசியலுக்கு வந்திருந்த பெண்ணுக்கு அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் வாசலில் நின்று கேட்டேன். ஆர்என்ஏ என்று ஒரு பெண். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு புரோட்டீன் பையன் விடமாட்டேன் என்கிறான். போலீஸ் வருகிறது. போலீஸ்தான் கீமோ. அவன் அசைகிற மாதிரி இல்லை.

"அப்புறம்?" என்றாள் முகத்தில் களிம்போடு படுத்திருந்தவள்.

"அப்புறம் இன்னா, இந்தப் பொண்ணு சென்னையில உக்காந்துகினு அவன் கைய எப்படிப் பிரிக்கறதுன்னு பாத்துகினு இருக்கா."

"அத்தை, அது அப்படி இல்ல" என்றேன்.

"கத புரியணுமில்ல? நீ சொன்ன மாதிரி சொன்னா அவ தூங்கிடுவா."

கோடை வருவதற்குள் நோய் திரும்பியது. மருந்து நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இவ்வளவு சீக்கிரம் திரும்பினால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். தினமும் நான் படிப்பது அதைத்தான்.

சென்னைக்கு வந்து ரிப்போர்ட்டை வாங்கிய மாமா, அத்தையை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, என்னை எதிர் டீக்கடைக்கு வரச் சொன்னார். ரிப்போர்ட்டை நீட்டினார். டாக்டர் அவரிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தார். பழைய மருந்துக்கு நோய் இனி கட்டுப்படாது, வேறு மருந்து வாரா வாரம் கொடுத்துப் பார்க்கலாம், அடக்கி வைக்கலாம், முழுக்கப் போக்க முடியாது.

"அவகிட்ட சொல்லாதம்மா. சத்து கொறைவுக்கு மருந்து ஏத்தறாங்கன்னு சொல்லியிருக்கேன்."

"மாமா, அவங்களுக்குத் தெரியணும்."

"அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். ஊரே வந்து அவ எதுக்க உக்காந்து அழும். அத்தினி பேரு அழுதா அவ தாங்குவாளா?"

டீ ஆறிப்போகும்வரை இருவரும் குடிக்கவில்லை. "நானா போய்ச் சொல்லமாட்டேன் மாமா. அவங்களா கேட்டா பொய் சொல்லமாட்டேன்" என்றேன். மாமா தலையாட்டினார். கேட்கமாட்டார் என்று நினைத்தாரோ என்னவோ.

இரண்டாவது வாரம் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது நான் வார்டுக்குப் போனேன். மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நீ உக்காரு. எனக்கு வந்திருக்கறது சீரியஸ்தான?"

"ஏன் அத்தை அப்படிக் கேக்கறீங்க?"

"உங்க மாமா ரெண்டு வாரமா பேசறாருடி."

மாமாவின் கை நின்றது.

"வூட்டுக்கு வந்தா பேசறாரு. பஸ்ல பேசறாரு. பெல்ட் எங்க அறுந்துது, எவன் லீவு போட்டான், எல்லாம் சொல்றாரு. பார்லர்ல இன்னிக்கு யாரு வந்தாங்கன்னு என்னியக் கேக்கறாரு. கல்யாணம் பண்ண நாள்லேருந்து பேசாத மனுசன் பேசறாருன்னா எனக்கு இன்னாமோ ஆயிப்போச்சி. நீ படிச்சிகினு இருக்கியே, அதான எனக்கு வந்திருக்கறது?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சாத்துக்குடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அத்தை" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பழைய மருந்து ஏன் இனி உதவாது என்பதையும், இப்போது ஏறுவது வேறு மருந்து என்பதையும், இது சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்பதையும் சொன்னேன். எவ்வளவு காலம் என்று கேட்டார். தெரியாது என்றேன். என் புரோட்டீன் ஆராய்ச்சியால் அவருக்கு இப்போது எந்த உபயோகமும் இல்லை என்பதையும் அவர் கேட்காமலேயே சொன்னேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"ம்."

"யார்கிட்டயாச்சும் சொன்னியா? உன் தம்பிகிட்ட, ஃப்ரெண்டுங்ககிட்ட?"

"இல்ல."

"யோவ். ரெண்டு வாரமா தனியாவா வெச்சிகினு இருந்த?"

அப்போதுதான் அத்தைக்கு அழுகை வந்தது. மாமாவின் தலையைத் தன் பக்கம் இழுத்து, ஊசி குத்தாத கையால் அவர் முதுகில் தட்டிக்கொண்டே அழுதார். "பைத்தியம். கூறு கெட்ட பைத்தியம். தனியா வெச்சிகினு இருந்தா நெஞ்சு வெடிச்சிடாது?" மாமா குழந்தை மாதிரி விசும்பினார். உரித்த சாத்துக்குடி கட்டிலில் உருண்டது. பக்கத்துக் கட்டில் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை அவளைப் பார்த்து, அழுகைக்கு நடுவிலேயே, "இவரு என் வூட்டுக்காரரு. நல்ல மனுசன்தான். பேசத்தான் தெரியாது" என்று அறிமுகப்படுத்தினார்.

மாமா பயந்த மாதிரி ஊர் வந்து அழவில்லை. அத்தை விடவில்லை. "அழறதுன்னா வெளிய போயி அழுதுட்டு வா. உள்ள வந்தா புருவம் எடுத்துக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த மருந்து அவருக்குக் கேட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாக நோய் அடங்கிக் கிடந்தது. வாரத்தில் ஒரு நாள் சென்னை, மற்ற நாட்களில் பார்லர். பிறகு அதுவும் கேட்காமல் போனது. ஐப்பசி மழையில் அவர் தன் வீட்டிலேயே, மாமா பக்கத்தில் இருக்கும்போது போனார். எனக்குத் தகவல் சொன்னது மாமாதான். போனில் வெகுநேரம் பேசினார். அத்தை என்ன சாப்பிட்டார், கடைசியாக யாரைத் திட்டினார், எதற்குச் சிரித்தார் என்று ஒன்று விடாமல் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த நல்ல வருடத்தின் தொடக்கத்தில், மருந்து கேட்கத் தொடங்குவதற்கு முன், அவருடைய வயிற்றில் ஒரு தடவை நீர் கோத்து, அதை எடுக்க வேண்டியிருந்தது. அப்படி எடுக்கிற நீரில் புற்றுச் செல்கள் இருக்கும். நோயாளி சம்மதித்தால் அதில் கொஞ்சம் ஆராய்ச்சிக்கு எங்கள் மாதிரி ஆய்வுக்கூடங்களுக்கு வரும். டாக்டர் சம்மதம் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"உங்க பேரு யாருக்கும் தெரியாதும்மா. வெறும் நம்பர்தான் போகும்" என்றார் டாக்டர், தைரியம் சொல்கிற குரலில்.

"ஏன் தெரியக் கூடாது?"

"அது விதிம்மா. உங்க அந்தரங்கம்."

"எனக்கு அந்தரங்கம் எல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. பேரு, ஊரு, பிளாக்கு எல்லாம் போட்டு அனுப்புங்க. பொண்ணு யாரு செல்லுன்னு தெரியாம எப்படி அக்கறையா பாப்பா?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே விதிதான் என்றார். அத்தை மனசில்லாமல் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் என் காதில் சொன்னார்: "உள்ள போயி பாரு. எது ரொம்ப அடம் புடிக்குதோ அது நம்பளுது."

அதனால்தான் இங்கேயும் அவர் பெயரை எழுதவில்லை. நான் பழகிய விதி அப்படி. உயிரோடு இருந்து இதைப் படித்திருந்தால் கட்டாயம் சண்டைக்கு வந்திருப்பார்.

எந்த எண் அவருடையது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. வந்த மாதிரிகள் பலவற்றில் நான் தேடிய புரோட்டீன் அதிகமாக இருந்தது. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் அதைக் குறைத்துப் பார்த்தோம். முன்பு அசையாமல் இருந்த செல்களில் ஒரு பகுதி, அதே பழைய மருந்துக்குச் சாகத் தொடங்கியது. எல்லாம் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு. அன்று அத்தைக்குப் போன் செய்து சொன்னேன். மறுநாள் அம்மா கூப்பிட்டு, "நீ கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டியாமே, வடலூர் வரைக்கும் பேச்சா இருக்கு" என்றாள். மறுப்புச் சொல்லியே எனக்கு ஒரு வாரம் போயிற்று.

அந்த நல்ல வருடம் முடிவதற்குள் என் வாய்மொழித் தேர்வும் வந்தது. ஆராய்ச்சி முடித்தவர் சபை முன்னால் பேசி, தேர்வாளர் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று நான் சொன்னதுதான் தவறு. அன்று காலை எங்கள் துறை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து அத்தை இறங்கினார். தலையில் பட்டு ஸ்கார்ஃப், உதட்டில் சாயம். பின்னாலேயே அம்மா, கணக்கு டீச்சர், பார்லர் வாடிக்கைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். மாமா ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினேன். திரையில் வந்த முதல் படத்திலேயே தடுமாறினேன். அப்போது அத்தை என்னைப் பார்த்து, சரிதான் என்கிற மாதிரி தலையாட்டினார். அடுத்த படத்துக்கும் ஆட்டினார். சிக்கலான வரைபடம் வந்தபோது புருவத்தைச் சுருக்கி, சற்று முன்னால் சாய்ந்து, பிறகு திருப்தியாகப் பின்னால் சாய்ந்தார். போகப்போக அவர் முகத்தைப் பார்த்தே பேசினேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளரும் இடையிடையே அவரைப் பார்த்துக்கொண்டார். யாரோ மூத்த பேராசிரியை என்று நினைத்திருப்பார்.

கேள்விகள் முடிந்தன. சபையில் யாராவது கேட்க விரும்பினால் கேட்கலாம் என்றார் தேர்வாளர். அத்தை எழுந்தார்.

"வணக்கங்க. தமிழ்ல கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்கம்மா."

"தட்டுல அந்தச் செல்லு சாவுதுன்னு இந்தப் பொண்ணு எனக்கு முன்னமே சொல்லிச்சி. சந்தோசம். எனக்கும் அந்தக் கேன்சர்தாங்க. இது எங்க பிளாக்குப் பொம்பளைங்களுக்கு மருந்தா எப்ப வரும்?"

நான் மேடையிலிருந்து பதில் சொல்லவேண்டும்.

"எனக்குத் தெரியாது அத்தை. தட்டுல நடந்தது எலியில நடக்கணும். அப்புறம் மனுஷங்ககிட்ட பாக்கணும். நல்ல செல்லுக்கும் இந்தப் புரோட்டீன் வேணும், அதைக் கெடுக்காம கெட்ட செல்லுல மட்டும் நிறுத்த வழி கண்டுபிடிக்கணும். பல வருஷம் ஆகும். வராமலும் போகலாம்."

"சரி" என்றார் அத்தை. "அதுவரைக்கும், வயிறு உப்பி நாள்பட்டு இருந்தா வாயுன்னு சும்மா இருக்காத, டாக்டர்கிட்ட போயி காட்டுன்னு நான் எல்லாருக்கும் சொல்லலாமில்ல?"

தேர்வாளர் எனக்கு முன்னால் பதில் சொன்னார். "கட்டாயம் சொல்லணும்மா."

அத்தை பின்னால் திரும்பி, "கேட்டீங்களா?" என்றார். பிறகு உட்கார்ந்தார். யாரோ கைதட்டினார்கள். டீச்சர்தான் என்று நினைக்கிறேன்.

முடிவு அறிவித்த பிறகு தாழ்வாரத்தில் பலாச்சுளை விநியோகம் நடந்தது. தேர்வாளர் பிசுபிசுத்த விரல்களை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார். மாமா தன் கைக்குட்டையைக் கொடுத்து, பண்ருட்டிப் பழத்துக்கும் எங்கள் குவார்ட்டர்ஸ் மரத்துப் பழத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை களைத்திருந்தார். அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் குனியவைத்தார்.

"ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத."

அவர் வாயிலிருந்து அந்தச் சொற்களை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நீ இங்கிலீஸ்ல பேசின பாரு, அதுல எனக்கு ஒரு எழுத்து புரியலடி."

"அப்புறம் எதுக்கு அப்படித் தலையாட்டினீங்க?"

"நீ பயந்து போயி நின்னியே."

சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து எழுந்து, மெல்ல நடந்து வேனுக்குப் போனார். நான் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வேனின் திறந்த கதவில் உட்கார்ந்து சுற்றி நின்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"...அந்தப் பெரியவரு கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு ஒரு கேள்வி கேட்டாரு பாரு, எவனுக்கும் பதில் தெரியாது. சபையே கப்சிப். நம்ப பொண்ணு அசரலியே! நிமுந்து நின்னுகினு சொன்னா பாரு ஒரு பதிலு..."

"இன்னா சொல்லிச்சி?" என்றார்கள் எல்லாரும்.

அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கவேயில்லை. என்ன சொன்னேன் என்று தெரிந்துகொள்ள நானும் வேகமாகப் போய் வேன் பக்கத்தில் நின்றேன்.